கொக்குக்கு ஊதா விளிம்பு

"சாமி, என்னோட கொக்குக்கு ஊதா விளிம்பு இருக்குதுங்க," என்றார் சென்னியப்பன்.

"அதைக் கொக்கிடம் சொல்லும்," என்றார் ஆடிச்சித்தர்.

சொல்லிவிட்டு வேர்க்கடலை உரிக்கப் போய்விட்டார்.

*

கூகைமலையின் உச்சியில் ஆடிச்சித்தரின் மடம் இருக்கிறது. மலை அப்படியொன்றும் உயரமில்லை. கீழிருந்து கிளம்பும் காக்கை, மேலே வருவதற்குள் ஒரு டீ குடித்து இளைப்பாறும், அவ்வளவுதான்.

மற்ற மடங்களில் பஜனை உண்டு, பூஜை உண்டு, புளியோதரை உண்டு. இந்த மடத்தில் கண்ணாடி தேய்ப்பது மட்டுமே.

மண் நிரப்பிய ஒரு பீப்பாய். அதன் தலையில் ஒரு கண்ணாடி வட்டு. அதன்மேல் எமரி என்கிற தேய்ப்புப் பொடியும் தண்ணீரும். அதன்மேல் இன்னொரு வட்டு. சீடன் இரண்டு கையாலும் மேல் வட்டைத் தள்ளுவான், இழுப்பான். தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் பீப்பாயைச் சுற்றி நடப்பான்.

நாளடைவில் மேல் வட்டு குழியும். கீழ் வட்டு புடைக்கும். சீடன் இளைப்பான்.

தேய்த்து மெருகேற்றியதைக் குழாயில் மாட்டித் தொலைநோக்கி ஆக்கினால் பரீட்சை. பரீட்சை ரொம்ப எளிது. கீழே ஏரியில் எப்போதும் ஒரு கொக்கு நிற்கும். காலை வெயிலில் சித்தர் குழாய் வழியாக அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு "கொக்கு" என்று மட்டும் சொன்னால் சீடன் தேறிவிட்டான். குழாயை எடுத்துக்கொண்டு மலை இறங்கலாம். கூட ஒரு சொல் சேர்ந்து வந்துவிட்டால் மறுபடியும் பீப்பாய்.

சித்திரையில் ஒருவருடைய குழாயில் பார்த்துவிட்டு, "கொக்கு மாதிரி," என்றார். அந்த மனிதர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

மழை தொடங்கிவிட்டால் மேகம் மலையை மூடிவிடும். கொக்கும் தெரியாது, ஏரியும் தெரியாது. அதுவரை தேறாதவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

*

சென்னியப்பன் திருப்பூர்க்காரர். சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிற வேலை. ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பிய மாதிரித் துணியின் பக்கத்தில், சாயம் ஏற்றிய துணியை வைத்து, இரண்டும் ஒன்றா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதற்கு எந்திரமும் இருந்தது. எந்திரம் ஒன்று என்று சொல்லி, சென்னியப்பன் இல்லை என்று சொன்னால், எந்திரத்தைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்கள்.

அவரிடம் வெள்ளை என்று சும்மா சொல்லிவிட முடியாது. எந்த வெள்ளை என்று கேட்பார். சுண்ணாம்பு வெள்ளையா, முள்ளங்கி வெள்ளையா, சோற்று வெள்ளையா. சோறு என்றால் புழுங்கலா, பச்சரிசியா.

இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தலாம். குடும்பம் நடத்துவது கஷ்டம்.

மகள் மேகலாவின் கல்யாணத்தில், சரியாக முகூர்த்த நேரத்தில், சென்னியப்பன் எழுந்து நின்றார். கூறைப்புடவையின் சிவப்பும் ரவிக்கையின் சிவப்பும் ஒன்றில்லை, ரவிக்கையில் துளி நீலம் கூடியிருக்கிறது, மாற்று என்றார். மண்டபம் முழுக்க உற்றுப் பார்த்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இவர் விடவில்லை. கடைக்கு ஆள் ஓடியது. வேறு ரவிக்கை வருவதற்குள் முகூர்த்தம் போய்விட்டது. அடுத்த முகூர்த்தம் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் காப்பி மேல் காப்பியாகக் குடித்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மணையில் உட்கார்ந்தபடியே மேகலா சொன்னாள்: "ரவிக்கையில ஒண்ணும் இல்லீங்கப்பா. உங்க கண்ணுதான் கோணல்."

மண்டபமே சிரித்தது. நாதஸ்வரக்காரர்கூடச் சிரித்தார். அது கருவியிலும் கேட்டது.

என் கண் கோணலில்லை என்று காட்டாமல் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னார் சென்னியப்பன். சொன்னபடியே மிதிக்கவில்லை.

கூகைமலையைப் பற்றி யாரோ சொன்னார்கள். மயிரிழை பிழையில்லாமல் காட்டும் கண்ணாடி அங்கே உண்டு, ஆனால் அவரவரேதான் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். சென்னியப்பனுக்கு அதுதான் பிடித்தது. அப்படி ஒரு கண்ணாடியைத் தன் கையால் செய்து, கொண்டுபோய் மகள் முன்னால் வைத்தால், செய்தவன் கண்ணைக் கோணல் என்று எந்த வாய் சொல்லும்.

ஏறி வந்தார். வந்து பார்த்தால் சித்தருக்கு அவரைவிட வயது குறைவு. முதல் எரிச்சல் அது.

*

இரண்டாவது எரிச்சல்தான் அந்த ஊதா.

ஒற்றை லென்ஸுக்கு ஒரு வியாதி உண்டு. அதன் வழியாகப் போகும் வெளிச்சத்தில் எல்லா நிறமும் ஒரே இடத்தில் போய்ச் சேராது. நீலம் அவசரக்காரன், முன்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். சிவப்பு ஆடி அசைந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பின்னால் வரும். அதனால் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் ஓரத்தில் ஊதா கசியும்.

மற்ற சீடர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. பட்ட ஒருவரும், நாமம் போட்ட கொக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

சென்னியப்பனுக்குக் கொக்கே தெரியவில்லை. ஊதாதான் தெரிந்தது.

மறுபடி தேய்த்தார். ஊதா இருந்தது. மெருகை மாற்றிப் பார்த்தார். ஊதா மெருகேறியது. சித்தரிடம் போய் முறையிட்டார்.

சித்தர் ஒரு கத்திரிக்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சென்னியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ராத்திரியெல்லாம் தியானம் செய்தார். காலையில் சமையல்காரர் வந்து, சாமி நறுக்கித் தரச் சொன்னாரே, எங்கே என்று கேட்டார்.

*

அடுத்த முறை சித்தர் ஒரு வழி சொன்னார். லென்ஸைக் கொஞ்சம் தட்டையாகத் தேயும். குழாயை நீட்டும். நீட்ட நீட்ட விளிம்பு குறையும்.

சென்னியப்பன் நீட்டினார். குழாய் பனைமர உயரம் போனது. விளிம்பு பாதி குறைந்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூங்கிலோடு மூங்கில் பிணைத்து மேலும் நீட்டினார். குழாய் முற்றத்தைக் கடந்து, சமையலறையின் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறியது. சாம்பார் ஊற்றுகிறவர் குனிந்து குனிந்து பந்தி விசாரித்தார். நடுக்குழாயில் ஓர் அணில் குடும்பம் குடியேறி, கொக்குக்கும் கண்ணுக்கும் நடுவே வால் ஆட்டியது.

அப்புறமும் நீட்டினார். லென்ஸ் இருந்த முனை பக்கத்துத் தாலுகாவுக்குப் போய்விட்டது. அந்த முனையில் தூறல், இந்த முனையில் வெயில். குழாயைக் கொஞ்சம் திருப்ப வேண்டுமென்றால் தேர் இழுப்பதுபோல எல்லோரும் வடம் பிடிக்க வேண்டும். திருப்பி முடிப்பதற்குள் கொக்கு மீனைத் தின்று, ஏப்பம் விட்டு, சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருக்கும்.

கடைசியில் ஒரு நாள் கொக்கு தயவுசெய்து நின்றது. எல்லோரும் வரிசையாகப் பார்த்தார்கள். விளிம்பு போயே போச்சு என்றார்கள்.

சென்னியப்பன் பார்த்தார்.

"இருக்குதுங்க சாமி. நூலாட்டம் இருக்குது."

"இன்னும் நீட்டும்."

"இதுக்கு மேல எங்கீங்க நீட்டறது? அக்கட்ட கேரளாவுங்க."

"அப்படியானால் சுருட்டி வையும்," என்று சொல்லிவிட்டுச் சித்தர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனார்.

*

அந்த மலையில் போன் பேச ஒரு பாறைதான் உண்டு. அதன்மேல் ஒற்றைக்காலில் நின்றால் சத்தம் நன்றாகக் கேட்கும். கீழிருந்து பார்ப்பவர்கள் யாரோ பெரிய தவசி என்று கும்பிட்டுப் போவார்கள்.

சென்னியப்பன் அதில் நின்றபோது வீட்டிலிருந்து மனைவி ருக்குமணி பேசினார். வருகிற வெள்ளிக்கிழமை மேகலாவுக்கு வளைகாப்பு. அப்பா வந்தால்தான் வளையல் போட்டுக்கொள்வேன் என்று பெண் பிடிவாதமாக இருக்கிறாள். சம்பந்தி வீட்டார் முன்னால் மறுபடியும் ஒரு கூத்து வேண்டாம்.

கண்ணாடி முடியட்டும், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார் சென்னியப்பன்.

"கண்ணாடி கெடக்குதுங்க. நீங்க வந்தாப் போதும்."

சொன்ன சொல் சொல்தான் என்றார் இவர். அதற்கு ருக்குமணி சென்னியப்பனுடைய அப்பாவைப் பற்றியும், அப்பாவுக்கு அப்பாவைப் பற்றியும், அந்த வம்சத்தில் யாருக்கும் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பியதில்லை என்பதைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். பாறையில் சத்தம் மிக நன்றாகக் கேட்டது.

*

சென்னியப்பன் நேரே சித்தரிடம் வந்தார். லென்ஸே வேண்டாம், ரசம் பூசின கண்ணாடி செய்யச் சொல்லிக் கொடுங்கள் என்றார். முன்பக்கம் குழித்து, அந்தக் குழியின்மேல் ரசம் பூசினால், வெளிச்சம் கண்ணாடிக்குள் நுழைவதே இல்லை. பட்டுத் திரும்பிவிடுகிறது. நுழைந்தால்தானே நிறம் பிரியும். இத்தனை நாள் இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று சண்டையே போட்டார்.

சித்தர் மேற்குக் கொட்டகையைக் கையால் காட்டினார்.

"அமலோற்பவத்தைப் பாரும்."

அமலோற்பவம் தூத்துக்குடிக்காரி. அவள் குடும்பத்துக்குப் படம் சட்டம் போடும் கடை. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பூசுவதும் உண்டு. அவள் இந்த மலைக்கு ஏன் வந்தாள் என்று கேட்டால், காற்று நன்றாக இருக்கிறது என்பாள்.

அவளுடைய குழாயில் சென்னியப்பன் கண்ணை வைத்தார்.

கொக்குக்குச் சிவப்பு விளிம்பு.

அவர் கண்ணை எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார். ரசக் கண்ணாடியில் நிறம் பிரிவதும் இளநீர் காரமாக இருப்பதும் ஒன்று. ஆனால் சிவப்பு இருந்தது. அவள் அனுமதிகூடக் கேட்காமல் கண்ணாடியைக் குழாயிலிருந்து கழற்றிப் பார்த்தார்.

முன்பக்கம் ஒழுங்காகத்தான் குழிந்திருந்தது. ஆனால் வெறும் கண்ணாடி. ரசம் பின்பக்கத்தில் இருந்தது. அந்தப் பின்பக்கமும் தட்டையாக இல்லை, ஆப்பச்சட்டியின் அடிபோலப் புடைத்திருந்தது. விசாரித்தால், வேறு யாரோ தேய்த்தபோது கீழ் வட்டாகக் கிடந்ததாம். மறுபக்கம் சும்மாதானே இருக்கிறது என்று திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டாளாம்.

"அம்மணி, ரசத்த எதுக்குப் பின்னாடி பூசுனீங்க?"

"பின்ன முன்னாடியா பூசுவாங்க? எங்க கடையில தாத்தா காலத்துலருந்து பின்னாடிதான் அண்ணாச்சி. முன்னாடி பூசுனா வாரவன் போறவன்லாம் தொட்டுத் தொட்டே ரசத்த எடுத்துருவான்."

"இங்க யாருங்க மூஞ்சி பாக்கறாங்க? கொக்கு வந்து தொடுமா?"

"தொட்டா என்ன செய்வீங்க?"

சென்னியப்பன் கண்ணாடியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தார். பின்பக்கம் பூசினால் வெளிச்சம் கண்ணாடிக்குள் புகுந்து, ரசத்தில் பட்டு, மறுபடியும் கண்ணாடி வழியாகவே வெளியே வருகிறது, ஒன்றுக்கு இரண்டு முறை நிறம் பிரிகிறது, அதனால்தான் இந்தச் சிவப்பு என்று விளக்கினார்.

"எந்தச் செவப்பு?"

அவர் காட்டினார். அவள் குழாயில் உற்றுப் பார்த்தாள்.

"ஆமா, லேசா இருக்கு. வெத்தல போட்டிருக்கும்."

*

சென்னியப்பன் கொதித்துக்கொண்டு சித்தரிடம் போனார். அந்த அம்மாளுக்கு முன்னும் தெரியவில்லை, பின்னும் தெரியவில்லை. தப்பாகச் செய்திருப்பதே தெரியவில்லை. தெரிந்தபிறகு வெட்கமும் இல்லை. ஒன்று அவரைத் திருத்துங்கள், இல்லை கீழே அனுப்புங்கள் என்றார்.

சித்தர் அவரைக் களைப்பாகப் பார்த்தார். வெயில் காலம் முழுக்க ஒரே மனிதனின் குறையைக் கேட்ட களைப்பு.

"ஓய். உம்முடைய கொக்குக்கு என்ன?"

"ஊதா விளிம்புங்க."

"அவளுடைய கொக்குக்கு?"

"செவப்புங்க."

"கொக்குக்கு?"

"எந்தக் கொக்குக்குங்க?"

சித்தர் துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். துண்டுக்குள்ளிருந்து, வியாழக்கிழமை காலை கடைசிப் பரீட்சை என்று குரல் வந்தது.

மேற்கே ஒரு மேகம் எருமைக்கன்று அளவுக்கு நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

*

புதன்கிழமை.

சென்னியப்பன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தன் லென்ஸைக் காப்பாற்ற வழியில்லை. அமலோற்பவத்தின் கண்ணாடிக்கு வழி இருக்கிறது. பின்பக்க ரசத்தைத் திராவகம் விட்டுக் கழுவிவிட்டு, முன்பக்கம் புதிதாகப் பூசினால் விளிம்பு போய்விடும். பரீட்சைக்கு அதையே வைக்கலாம். அதாவது அவள் பிழையைத் திருத்தித் தன் பெயரில் தேறலாம்.

அவளிடம் கேட்டபோது அவள் ஆட்சேபிக்கவே இல்லை. ரசம்தானே அண்ணாச்சி, நாங்கள் பூசாத ரசமா, கழுவிக்கிடுங்க என்றாள். அவருக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. ஒரு மனுஷிக்குத் தன் பொருள்மேல் கொஞ்சமாவது பிடிப்பு வேண்டாமா.

கிணற்றடியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் திராவக பாட்டில். மூடியைத் திறந்தார்.

எதிரே துவைகல்லில் அமலோற்பவம் துணி அலசிக்கொண்டிருந்தாள். அன்று அவள் முறை. சித்தருடைய வேட்டி பலகாலப் பழுப்பில் பனங்கிழங்கு நிறத்தில் இருந்தது. வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டுக் கலக்கி, வேட்டியை முக்கி எடுத்து உதறினாள்.

சென்னியப்பனின் கண் தானாக அங்கே போனது. அவரால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இன்னொரு சொட்டு விடுங்க அம்மணி. பழுப்பு இன்னும் அடங்கல."

அவள் இன்னொரு சொட்டு விட்டாள். முக்கினாள். உதறினாள். வேட்டி வெயிலில் பளீரென்று வெளுத்தது.

"அது ஏன் அண்ணாச்சி, பழுப்ப எடுக்காம நீலத்தப் போடுதோம்?"

இதுகூடத் தெரியாதா என்று சென்னியப்பனுக்கு அலுப்பாக இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பழுப்ப எடுக்க முடியாதுங்க அம்மணி. ஏறுனது ஏறுனதுதான். அதுக்கு நேர் எதிர்ச் சாயத்தக் கொண்டுவந்து பக்கத்துல நிறுத்தணும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு முழுங்கிக்கும். பட்டறையில இத்தன வருஷமா நான் வேறென்னங்க செஞ்சேன், ஊதா ஏறிப்போன துணிக்கெல்லாம்..."

பேச்சு நின்றுவிட்டது.

கையில் பாட்டில். மடியில் அவளுடைய கண்ணாடி. நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த கண்ணாடி. அவருடைய லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்தது.

"என்ன அண்ணாச்சி, வாய் தொறந்தபடியே இருக்கு?"

"அம்மணி," என்றார் சென்னியப்பன், மிக மெதுவாக. "இந்தத் திராவகத்த வாங்கி எங்கயாச்சும் தூரமா வெச்சிருங்க. என் கைக்கு எட்டாத எடத்துல."

*

ஒரே குழாயில் முன்னால் அவருடைய லென்ஸ். பின்னால், குழாயின் அடியில், அவளுடைய பின்பக்கம் பூசிய கண்ணாடி. லென்ஸ் வழியாக உள்ளே போன வெளிச்சம் கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வரும் வழியில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு அதைப் பக்கவாட்டுத் துளைக்குத் திருப்பியது. அங்கே கண்ணை வைக்க வேண்டும். குழாய் மொத்தமே ஓர் ஆள் படுக்கிற நீளம்தான்.

வைத்ததும் நடந்துவிடவில்லை. கண்ணாடியை லென்ஸை நோக்கி நெருக்கினால் சிவப்பு வந்தது. தள்ளினால் ஊதா வந்தது. அவர் தள்ளுங்கள் என்றார். அவள் நெருக்குங்கள் என்றாள். விரற்கடை தூரத்துக்காக இருவரும் ஊரே கேட்கச் சண்டை போட்டார்கள். அவர் அவளுடைய கண்ணாடியின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார். அவள், தொட்டால் உங்கள் லென்ஸைக் கிணற்றில் போடுவேன் என்றாள். தன் லென்ஸில் பிழையே இல்லை, அது லென்ஸின் சுபாவம் என்றார் அவர். அப்படியென்றால் என் கண்ணாடிக்கும் சுபாவம்தான், சுபாவம் உங்களுக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறதா என்றாள் அவள்.

"உங்க வீட்டு அம்மா பாவம், அண்ணாச்சி."

"அதையேதான் அவளும் சொல்றா. கொஞ்சம் நெருக்குங்க."

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நெல்மணி அளவு நகர்த்தியபோது, இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

முதலில் அவள் பார்த்தாள். கொக்கு வெத்தலையைத் துப்பிட்டு என்றாள்.

பிறகு சென்னியப்பன் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கொக்கின் இடது ஓரம், வலது ஓரம், அலகு, முழங்கால் எல்லாம் தேடினார். எந்த வெள்ளை என்று அவள் கேட்டாள்.

அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை.

*

வியாழக்கிழமை காலை மேகம் வளர்ந்து எருமையாகிவிட்டிருந்தது. ஏரிமேல் மட்டும் வெயில் இருந்தது.

சித்தர் வெளுத்த வேட்டியோடு வந்தார். குனிந்தார். பார்த்தார்.

பீப்பாய்கள் எல்லாம் நின்றன. சித்திரையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தவரும் நின்றார். கொக்கு ஒரு மீனைப் பிடித்தது. விழுங்கியது. கழுத்தைச் சரிசெய்துகொண்டது.

"கொக்கு," என்றார் சித்தர்.

நிமிர்ந்தார். இட்லி ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

*

எல்லோரும் சென்னியப்பனைத் தட்டிக்கொடுத்தார்கள். குழாயைச் சாக்கில் சுற்றிக் கட்டக் கயிறு கொண்டுவந்தார்கள். நாளை வளைகாப்பு. இன்றைக்கே கிளம்பினால் போய்விடலாம். மகள் முன்னால் கண்ணாடியை வைத்துவிடலாம்.

சென்னியப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

எழுந்து இட்லிப் பந்திக்குள் போனார்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க."

சித்தர் இட்லியை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

சென்னியப்பன் சொன்னது இதுதான். குழாயை ஊருக்குக் கொண்டுபோகிறேன். எல்லோரும் பார்ப்பார்கள். நல்ல வெள்ளை என்பார்கள். உள்ளே எத்தனை கண்ணாடி என்று கேட்பார்கள். இரண்டு, ஒன்று என்னுடையது, ஒன்று தூத்துக்குடி அம்மாளுடையது என்பேன். மேகலா சும்மா இருக்க மாட்டாள். இரண்டில் எது சரியான கண்ணாடி என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலுக்காகத்தான் நான் இந்த மலைக்கே வந்தேன்.

"என்னோடது சரியா, அம்மணியோடது சரியாங்க? அத மட்டும் சொல்லிருங்க."

சித்தர் இட்லியைத் தட்டில் வைத்தார். எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. அலமாரியிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து வந்து சென்னியப்பனின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"கழற்றிப் பாரும்."

சென்னியப்பன் வெளியே வந்தார். குழாயின் முன் மண்டியிட்டார். முதல் திருகாணியில் திருப்புளியை வைத்தார். அரைச் சுற்றுச் சுற்றினார். உள்ளே அவளுடைய கண்ணாடி லேசாக அசைந்த சத்தம் கேட்டது.

கை நின்றது.

ஏரியில் கொக்கு நின்றுகொண்டிருந்தது. பந்தியில் அமலோற்பவம் இட்லிக்குப் பொடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த அரைச் சுற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறுக்கினார். திருப்புளியைக் கீழே வைத்தார். உள்ளே போய்த் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

அமலோற்பவம் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தாள். "குழாய எடுத்துக்கிடலயா அண்ணாச்சி?"

"அது இங்கயே இருக்கட்டுங்க அம்மணி."

"வெறுங்கையோடயா போவீங்க?"

"வெறுங்கையோட வரத்தானுங்க கூப்புட்டாங்க."

முதல் தூறல் விழுந்தது. ஏரி மறைந்தது. சென்னியப்பன் உள்ளே எட்டிப் பார்த்து, கீழே போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சித்தர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பஸ் போய்விட்டது," என்றார். "நடையைக் கட்டும்."